மனமும் ஒரு பிராணனே



கொல்லாமை என்றவுடன் நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு நினைவில் எழுவன யாவை? இரவில் உண்ணாமை, நீரை வடித்துப் பருகுதல், கிழங்கு வகைகளை விலக்குதல், எறும்பு ஊரும் இடம் பார்த்து அடி வைத்தல் ஆகியவை. இவை யாவும் நன்று. நம் முன்னோர் இவற்றைக் கடைப்பிடித்ததனாலேயே இச்சிறுபான்மைச் சமூகம் இத்தனை நூற்றாண்டுகள் தமிழ்மண்ணில் தன் முகம் அழியாமல் நின்றது. ஆயினும் இவ்விதழில் நாம் எடுத்துக்கொள்ள விழைவது இந்தப் பட்டியலில் இல்லாத ஓர் ஊறு. ஒருவன் உள்ளத்தில் இருப்பதை அவன் இசைவின்றிக் கருவியாலோ மருந்தாலோ வெளியே இழுப்பது இம்சையாகுமா? குற்றம் கண்டுபிடிக்கும் நல்ல நோக்கத்திற்காகச் செய்தாலும் ஆகுமா? இதுவே நம்முன் உள்ள வினா.

நாளிதழ்களில் 'உண்மை கண்டறியும் சோதனை' என்னும் தொடரை நீங்கள் பலமுறை படித்திருப்பீர்கள். நாற்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்த பழக்கத்தால் நமக்கு முதலில் அந்தப் பெயரே உறுத்துகிறது. சோதனைக்கு முன்னரே அது உண்மையைக் கண்டுவிடும் என்று பெயர் தீர்ப்புக் கூறிவிடுகிறது அன்றோ? இந்த ஒரு பெயரின் கீழ் மூன்று வேறு செயல்கள் அடங்கும். முதலாவது, மூச்சு, நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், தோலின் வியர்வை ஆகியவற்றை அளந்து, வினாவுக்கு விடை சொல்லும்போது உடல் பதறுகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, சோடியம் பெண்டோதால் போன்ற மயக்க மருந்தைச் சிறிது சிறிதாக நரம்பில் ஏற்றி, அரைத்துயிலில் பேசவைப்பது. இதனை நார்கோ சோதனை என்பர். மூன்றாவது, தலையில் மின்முனைகள் பொருத்திய கவசம் அணிவித்து, சில சொற்களையோ படங்களையோ காட்டும்போது மூளையில் எழும் மின்னலைகளைப் பதிவு செய்வது. அறிமுகமான ஒன்றைக் கண்டால் ஏறத்தாழ ஒரு நொடியின் பத்தில் மூன்று பங்கு நேரத்தில் ஓர் அலை எழும் என்பது இதன் அடிப்படை. நம் நாட்டில் உருவான ஒரு முறையில், குற்றம் சாட்டப்பெற்றவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை. 'நான் அங்குச் சென்றேன்', 'நான் அதை வாங்கினேன்' என்று தன்மை இடத்தில் வாக்கியங்களைப் படித்துக் காட்டுவர். அவர் பேசாமல் அமர்ந்திருப்பார். கருவி விடை கூறும்.

பேசாதிருத்தலே விடையாக எடுத்துக்கொள்ளப்படும் நிலை இது. வசன குப்தி, அதாவது நாவடக்கம், இங்கே காவலாக நிற்பதில்லை.

இனி நம் ஆகமக் கருத்துக்கு வருவோம். உயிர்க்குப் பத்துப் பிராணன்கள் என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். ஐம்பொறிகள் ஐந்து, மனோபலம், வசனபலம், காயபலம் என மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று. பாடசாலையில் இதனை மனப்பாடம் செய்த பலர், இம்சையின் இலக்கணத்தோடு இதனைச் சேர்த்து எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில், கவனமின்மையும் கசாயமும் கலந்த செயலால் பிராணன்களுக்கு ஊறு விளைத்தலையே இம்சை என்று வரையறுத்தார். உயிரைப் போக்குதல் மட்டும் இம்சை என்று அவர் கூறவில்லை. பத்தில் எதனைச் சிதைத்தாலும் இம்சையே. கண்ணைக் குத்துவது ஒரு பிராணனைச் சிதைப்பது. அவ்வாறாயின், ஒருவன் தன் எண்ணத்தைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றலை மருந்தால் தளர்த்துவது மனோபலம் என்னும் பிராணனைச் சிதைப்பதன்றி வேறென்ன? குருதி சிந்தவில்லை, தழும்பு இல்லை என்பதால் அது இம்சை ஆகாது என்று நம் நெறியில் நின்று கூற இயலாது.

இதனை ஏதோ தொலைநாட்டுச் செய்தி என்று எண்ணிவிட வேண்டா. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் நாம் சில ஆண்டுகள் ஆசிரியப்பணி செய்தோம். கடலுக்கும் ஏரிக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில் குப்பங்கள், உவர்நீர் ஏரி, அதன் பெரும்பகுதி ஆந்திர எல்லைக்குள் இருப்பது. மீன்பிடித் தொழில் குறித்து நம் நெறி கூறுவது நீங்கள் அறிந்ததே. அதில் நாம் சற்றும் தளர்ந்ததில்லை. அம்மக்களும் அதனை அறிவர். வெள்ளிக்கிழமை தோறும் நமக்கு வாழைக்காய் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, 'இது உங்களுக்கு ஆகும், டீச்சரம்மா' என்று சிரிப்பார்கள். அங்கே பல ஆண்டுகள் பழகியதில், நீதி என்பதை அவர்கள் எவ்வாறு நடத்துகின்றனர் என்று காணும் வாய்ப்புக் கிட்டியது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. இறால் பிடிக்கும் நல்ல துறைகள் ஏரியில் சிலவே. அவற்றை வலியவன் வளைத்துக்கொள்ளாதபடி, யார் எந்நாளில் எத்துறையில் வலை இடுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வர். இது எழுதப்பட்ட சட்டத்தைவிட மூத்த வழக்கம். முறை தவறி வலையிட்டான் என்றோ, பிறன் வலையை அறுத்தான் என்றோ புகார் எழுந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார் கூடுவர். சான்று இல்லாவிடில் இறுதியாகக் கேட்பது ஒன்றே. கற்பூரம் ஏற்றி, அச்சுடரை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் 'சத்தியம்' என்று கூறுதல். மாதா கோயிலைச் சார்ந்தோராயின் அங்கே நின்று கூறுதல். இவ்வாறு ஆணையிடுவது நம் நோக்கில் தேவமூடத்தின்பாற் படும். அதனை நாம் போற்றவில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. கற்பூரத்தின் முன் நிற்பவன் கையை நீட்டலாம், நீட்டாமலும் இருக்கலாம். உள்ளத்தின் கதவு அவன் கையில் இருக்கிறது. மறுத்தவன்மேல் ஐயம் கூடும் என்பது உண்மையே. ஆயினும் அவன் கையை மற்றொருவர் பிடித்துச் சுடரில் வைப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் பழைய மாணவி ஒருத்தி, இப்பொழுது வளர்ந்த பிள்ளைகளின் தாய், நம்மைக் காண வந்தாள். கரையில் கட்டியிருந்த படகின் இன்ஜின் ஒன்று காணாமற்போன வழக்கில் அவள் மகனை விசாரணைக்கு அழைத்திருந்தனர். அடிக்கவில்லை. 'மெட்ராஸுக்குக் கூட்டிட்டுப் போயி தலையில ஒயரை மாட்டினா, நீ நெனைக்கறது எல்லாம் டிவி மாதிரி ஓடும்' என்று மட்டும் யாரோ கூறியிருக்கின்றனர். 'டீச்சரம்மா, அப்படி எல்லாம் தெரியுமா? அவன் ராத்திரி தூங்கறதே இல்ல. எதையும் நெனைக்கக் கூடாதுன்னு முழிச்சிக்கிட்டே உக்காந்திருக்கான்' என்றாள். இன்ஜின் இறுதிவரை கிட்டவில்லை. பையன் எண்ணூர்ப் பக்கம் கூலி வேலைக்குச் சென்றவன் ஊர் திரும்பவே இல்லை.

'எதையும் நினைக்கக் கூடாது' என்று விழித்திருந்த அந்த இரவுகளை எண்ணிப் பாருங்கள். கருவியை அவன்மேல் வைக்கவே இல்லை. கருவி என்னும் சொல்லே போதுமானதாயிற்று.

அவ்வாறு அவன் அஞ்சியதற்குக் காரணம், கருவியால் எல்லாம் இயலும் என்று அவன் நம்பியது. உண்மையில் இயல்வது என்ன? முதற்சோதனை அளப்பது பதற்றத்தை, பொய்யை அன்று. வகுப்பறையில் ஒரு பேனா காணாமற்போய், 'எடுத்தது யார்?' என்று ஆசிரியர் அதட்டும்போது முதலில் வியர்ப்பவன் திருடியவன் அல்லன், வீட்டில் அடிபடுகிறவன். ஆசிரியப் பயிற்சியில் நமக்கு இதனை எவரும் கற்பிக்கவில்லை, குழந்தைகளே கற்பித்தனர். நார்கோ மருந்தோ, பேச்சைப் பெருக்குமேயன்றி உண்மையைப் பிரித்தெடுக்காது. கேட்பவர் வினாவில் எதை ஏற்றி வைக்கிறாரோ அதனையே அரைத்துயிலில் இருப்பவர் திருப்பிச் சொல்லவும் கூடும்.

மூன்றாவதாகிய மூளை அலைச் சோதனைக்கு மீண்டும் ஏரிக்கரைக்கே செல்வோம். ஒரு பேச்சுக்கு, இரவில் ஒருவன் வலை அறுபட்டது என்க. விடியுமுன் எந்த வலை, எந்தத் துறை, எந்தக் கத்தி என்பதெல்லாம் குப்பத்துக் குழந்தைகள்வரை தெரிந்திருக்கும். அப்படியாயின், அந்த வலையின் படத்தைக் காட்டியதும் அலை எழாத தலை குப்பத்தில் எது? அறிந்தவன் என்பதற்கும் செய்தவன் என்பதற்கும் இடையில் ஒரு பேராறு ஓடுகிறது. ஒரு பொருளை ஒரு நோக்கில் மட்டும் கண்டு 'இதுவே' என்று முடிபு கூறுதலை ஏகாந்தம் என்று நம் நூல்கள் விலக்கின. 'ஒருவாற்றான் இவன் இதனை அறிவான்' என்பதே அக்கருவி சொல்லக்கூடிய அதிகபட்சச் செய்தி. எவ்வாற்றான் அறிந்தான் என்பதை அது சொல்லாது.

இதற்கு நம் நாடே ஒரு விலை கொடுத்துப் பார்த்தது. 2008-ஆம் ஆண்டு சூன் மாதம் புனே அமர்வு நீதிமன்றம், நஞ்சு கலந்த பிரசாதத்தால் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட ஒரு கொலை வழக்கில், மூளை அலைச் சோதனையின் முடிவையும் ஒரு சான்றாகக் கொண்டு இளம்பெண் ஒருத்திக்கு ஆயுள் தண்டனை விதித்தது. உலகின் பல நாட்டு அறிஞரும் இதனை வியப்போடும் அச்சத்தோடும் நோக்கினர். பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நிறுத்திவைத்து அப்பெண்ணைப் பிணையில் விடுவித்தது. அதே 2008-இல், பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் இயக்குநர் தலைமையில் அமைந்த வல்லுநர் குழு, இச்சோதனைக்கு உரிய அறிவியல் அடிப்படை இல்லை என்று கருத்துரைத்தது.

ஈராண்டு கழித்து, 2010-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன், நீதிபதிகள் ஆர்.வி. இரவீந்திரன், ஜே.எம். பாஞ்சால் ஆகிய மூவர் அமர்வு. எவரையும் அவர்தம் விருப்பத்திற்கு மாறாக இம்மூன்று சோதனைகளில் எதற்கும் உட்படுத்தக் கூடாது. அவ்வாறு செய்வது, தனக்கு எதிராகத் தானே சான்றாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்னும் அரசியலமைப்பின் 20(3) பிரிவுக்கும், உயிர், உரிமை பற்றிய 21-ஆம் பிரிவுக்கும் முரணானது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒருவர் மனமுவந்து இசைந்தாலும் அந்தச் சோதனையின் முடிவு தானாகச் சான்றாகாது. அதன் வழியே பின்னர்க் கண்டெடுக்கப்படும் பொருளோ செய்தியோ மட்டும் சட்டப்படி ஏற்கப்படலாம். பேசாதிருக்கும் உரிமை, மனத்தின் தனிமை ஆகியவை குறித்து அத்தீர்ப்பு கூறுவதைப் படிக்கும்போது, நம் மூன்று குப்திகளுக்கு வழக்காடுமன்றத்தில் கிடைத்த உரை என்றே நமக்குத் தோன்றியது. அந்நீதிபதிகள் நம் ஆகமத்தைப் படித்தனர் என்று நாம் கூறவில்லை. அறம் எங்கிருந்து தொடங்கினாலும் அவ்விடத்தையே சென்று சேரும் போலும்.

தமிழகத்தில் இத்தீர்ப்பு நடைமுறையில் எவ்வாறு இயங்கியது என்பதற்குத் திருச்சிராப்பள்ளி வழக்கைக் காட்டலாம். 2012 மார்ச் 29 அன்று தொழிலதிபர் இராமஜெயம் கொல்லப்பட்டார். பத்தாண்டு கழித்து 2022-இல் சிறப்புப் புலனாய்வுக் குழு, பதின்மூவரிடம் உண்மை கண்டறியும் சோதனை நடத்த நீதிமன்றத்தை நாடியது. பன்னிருவர் இசைந்தனர், ஒருவர் இசையவில்லை. இசையாதவரை எவரும் இழுத்துச் செல்லவில்லை. இசைந்தவர்களுக்கு 2023 சனவரியில் சென்னையில் சோதனை நடந்தது. அதனால் வழக்கின் முடிச்சு அவிழ்ந்துவிடவும் இல்லை. கொல்கத்தா மருத்துவக் கல்லூரியில் 2024-இல் பெண் மருத்துவர் கொடுமையாகக் கொல்லப்பட்ட வழக்கில், கைதானவன் நார்கோ சோதனைக்கு மறுத்தான்; நீதிமன்றமும் அம்மறுப்பை மதித்தது. மற்றச் சான்றுகளைக் கொண்டே 2025 சனவரியில் அவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. மனக்கதவை உடைக்காமலும் தண்டனை வழங்க இயலும் என்பதற்கு இதனைவிட வேறு காட்டு வேண்டா. 2025 சூனில் உச்ச நீதிமன்றம், பீகார் வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பெற்ற அனைவரையும் நார்கோ சோதனைக்கு உட்படுத்துவோம் என்று காவல்துறை கூறியதை உயர் நீதிமன்றம் ஏற்றதே தவறு என்று மீண்டும் நிலைநாட்டியது. தென்னமெரிக்காவின் சிலி நாடு 2021-இலேயே தன் அரசியலமைப்பைத் திருத்தி, மூளையின் செயல்பாட்டையும் அதிலிருந்து பெறும் செய்திகளையும் காக்க வகை செய்தது.

சட்டம் இவ்வளவு கூறிய பின் நமக்கு என்ன வேலை என்று கேட்கலாம். சட்டம் 'கூடாது' என்றது; ஏன் கூடாது என்பதன் ஆழம் நம் ஞான நூலில் இருக்கிறது.

ஞானம் ஐந்து: மதி, சுருதம், அவதி, மனப்பரியயம், கேவலம். பிறர் மனத்தில் உள்ளதை நேரே அறியும் ஞானம் மனப்பரியயம். இது எவர்க்கு உண்டாகும்? அவதிஞானம் தேவர்க்கும் நரகர்க்கும் பிறவியிலேயே உண்டு. விலங்குக்கும் இல்லறத்தார்க்கும்கூட உண்டாகலாம். மனப்பரியயமோ மனிதர்க்கு மட்டுமே. மனிதருள்ளும் முற்றத் துறந்து, சையமத்தில் உயர்ந்து நிற்கும் முனிவர்க்கு மட்டுமே. இவ்விரண்டு ஞானங்களையும் வேறுபடுத்தும்போது தூய்மை, எல்லை, பொருள் ஆகியவற்றோடு 'உரியவர் யார்' என்பதையும் உமாசுவாமிகள் ஒரு வேறுபாடாக வைத்தார். பாருங்கள், தொலைவில் உள்ள பருப்பொருளைக் காணும் ஆற்றல் எவர்க்கும் கிட்டலாம்; பிறர் நெஞ்சைக் காணும் ஆற்றல் மட்டும், அதனால் தனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லாதவர்க்கே கிட்டும் என்பது எத்துணை நுட்பமான ஏற்பாடு! வெகுளியும் செருக்கும் வஞ்சமும் ஆசையும் உள்ளவன் கையில் அந்தத் திறவுகோல் சேராது. மேலும், மதியும் சுருதமும் அவதியும் பிழைபட்டுத் திரியக்கூடும்; மனப்பரியயம் திரிவதில்லை. இன்றைய கருவியின் நிலை நேர்மாறானது. அது திரியக்கூடியது. அதனை ஏந்தி நிற்பவர் துறந்தவர் அல்லர். மேலிடத்தின் நெருக்கடியும், நாளிதழ்களின் கூச்சலும், வழக்கை விரைந்து முடிக்கும் அவசரமும் உடைய ஓர் அலுவலர். அவரை நாம் பழிக்கவில்லை. நம் பிள்ளைகளும் அப்பணியில் இருக்கின்றனர். அவர் தோளில் வைக்கத் தகாத சுமை அது என்கிறோம்.

மனப்பரியயத்தில் ருஜுமதி, விபுலமதி என இரு வகை. 'ருஜு' என்றால் நேரானது, கோணல் இல்லாதது. பத்து அறங்களுள் ஒன்றாகிய ஆர்ஜவமும் இச்சொல்லிலிருந்தே பிறந்தது. தன் மனம், சொல், செயல் மூன்றையும் நேராக்கிக் கொண்டவனே பிறர் மனத்தை நேராகக் காண்பான் என்று சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர்கள் பொருள் கொள்ளலாம். நாம் அவ்வாறே கொள்கிறோம்.

திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் அதிகாரம் இருக்கிறதே, அது முகம் பார்த்து அகம் அறியச் சொல்கிறதே என்று ஓர் அன்பர் வினவினார். அவ்வதிகாரம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். பொருட்பாலில் அமைச்சியலில் இருக்கிறது. அரசனை அண்டி வாழ்வோர் அரசன் குறிப்பை அறிந்து நடக்க வேண்டும் என்பது கருத்து. அதிகாரம் இல்லாதவன் அதிகாரம் உள்ளவனின் முகத்தைப் படிப்பது ஒன்று; அதிகாரம் உள்ளவன் இல்லாதவனின் மண்டையைத் திறப்பது முற்றிலும் வேறொன்று.

இனி, ஏரிக்கரையில் இருந்த நாள்களில் நமக்கு அடிக்கடி நினைவுக்கு வந்த ஒரு பழங்கதை. நம் கதை நூல்களில் வரும் மிருகசேனன் என்னும் மீனவன் கதையே அது. அவந்தி நாட்டில் சிப்ரா நதியில் வலை வீசிப் பிழைத்தவன். யசோதர முனிவரின் அறவுரையைக் கேட்டு, விரதம் ஒன்று வேண்டினான். தொழிலை முற்றும் விட இயலாதவன் என்பதை உணர்ந்த முனிவர், 'வலையில் முதலில் வீழும் மீனை விட்டுவிடு' என்று சிறுவிரதம் ஒன்று தந்தார். அன்று முதலில் பெரிய மீன் ஒன்று அகப்பட்டது. அடையாளத்திற்காக அதன்மேல் துணிக் கிழிசலைக் கட்டி ஆற்றில் விட்டான். மீண்டும் வீசினான், அதே மீன். மீண்டும் விட்டான். ஐந்து முறை அதுவே அகப்பட்டது. ஐந்து முறையும் விட்டான். இருட்டியபின் வெறுங்கையோடு வீடு சென்றான். மனைவி நம்பவில்லை, கதவைத் தாழிட்டாள். வெளியே படுத்தவன் அன்றிரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து முறை சாவினின்று தப்பினான் என்று கதை செல்லும்.

இக்கதையைச் சொல்வோர் ஐந்து மீன், ஐந்து உயிர்த்தப்பு என்னும் கணக்கையே பெரிதாகச் சொல்வர். நம் மனத்தைத் தொட்டது வேறு. நள்ளிருளில் ஆற்றங்கரையில் அவனைக் கண்காணித்தவர் எவர்? முனிவர் பின்தொடர்ந்து வரவில்லை. துணிக் கிழிசலை அவன் கட்டியது பிறர்க்குக் காட்டுவதற்கன்று. தன்னைத் தானே ஏமாற்றாதிருப்பதற்கு. வீட்டார் நம்பவில்லை என்பதற்காக அவன் விரதம் பொய்யாகிவிடவும் இல்லை. முனிவர் அந்த வலைஞனின் நெஞ்சத்தைத் திறந்து சோதித்து விரதம் தரவில்லை, நம்பித் தந்தார். அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ள அவன் நெஞ்சில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் நாம் மனோபலம் என்கிறோம்.

குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் நம் நெறியிலும் உண்டு; பிராயச்சித்தங்களுள் முதலாவதே ஆலோசனை, குருவின் முன் தன் குற்றத்தைத் தானே வெளியிடுதல். அதற்கும் பத்துக் குற்றங்களை நூல்கள் எண்ணி வைத்தன. குருவின் இரக்கத்தைத் தூண்டித் தண்டனையைக் குறைக்கும்படி சொல்வது குற்றம். பிறர் கண்டுவிட்டதை மட்டும் சொல்லிக் காணாததை மறைப்பது குற்றம். ஆரவாரத்தின் நடுவே காதில் விழாதபடி சொல்வது குற்றம். தானே முன்வந்து கூறும் சொல்லிலேயே இத்தனை கோணல் புகும் என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர். அரைமயக்கத்தில் பிடுங்கிய சொல்லில் எத்தனை கோணல் இருக்கும்!

இவ்விடத்தில் நேர்மையான ஒரு மறுப்பு எழும். 'அம்மா, தடியால் அடிப்பதைவிடக் கருவி மேல் அல்லவா? 2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தனர். 2025 சூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஓர் இளைஞர், நகை காணவில்லை என்னும் புகாரின்மேல் விசாரிக்கப்பட்டு, அடிபட்டு மாண்டார். கருவி இருந்தால் இவர்கள் பிழைத்திருப்பரே?' இம்மறுப்பை எளிதாகத் தள்ளிவிட இயலாது. சித்திரவதைக்கு மாற்றாகும் என்னும் இவ்வாதத்தை உச்ச நீதிமன்றத்திலும் எடுத்துரைத்தனர். ஒரு தீய செயலின் இடத்தில் இன்னொரு தீய செயலை வைப்பதற்கு இது நியாயம் ஆகாது என்று நீதிமன்றம் விடையிறுத்தது. நாம் அதனோடு ஒன்று சேர்ப்போம். தடி உடனிருக்கும் இடத்தில் கருவிக்கு அளிக்கும் 'சம்மதம்' எத்தகையது? ஒரு கையில் தடியும் மறுகையில் தாளும் நீட்டப்படும்போது கையொப்பம் இடாதவர் யார்? 2020-இல் உத்தரப்பிரதேசத்து ஹாத்ரஸில், மகளைப் பறிகொடுத்த குடும்பத்தாரையே இச்சோதனைக்கு உட்படுத்த அரசு முனைந்தது. நாங்கள் ஏன் உட்பட வேண்டும் என்று அவர்கள் மறுத்தனர். எளியவர் என்றால் இழந்தவரும் ஐயத்திற்குரியவராகிறார்.

பழவேற்காட்டு ஏரியில் இருளர் பழங்குடியினர் இறால் பிடிப்பதைக் கண்டிருக்கிறோம். படகில்லை, வலையில்லை. இடுப்பளவு நீரில் அமர்ந்து இரு கைகளாலும் சேற்றைத் துழாவுவர். பிடித்ததைப் போடும் ஓலைப்பறியைப் பற்களால் கவ்வியிருப்பர். திருட்டுப் புகார் எதுவாயினும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அவர்களுடையது என்பது வட மாவட்டத்தார் அனைவரும் அறிந்த செய்தி. புதிய கருவி எந்தக் காவல் நிலையத்துக்கு வந்தாலும் அதன் முன் முதலில் அமரப்போவது யார் என்று ஊகிக்க நமக்கு ஒரு கருவியும் வேண்டா.

இவ்வளவும் காவலர் பற்றிய பேச்சு என்று நம் இல்லத்தார் ஒதுங்கிவிட வேண்டா. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்று வழியிலும் வினை வந்து சேரும் என்பது நம் கொள்கை. திருப்புவனத்து நிகழ்ச்சியின் தொடக்கம் ஒரு நகைப் புகார் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம். நம் வீட்டில் ஒரு சங்கிலி காணாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். பாத்திரம் துலக்குபவள்மீதோ களத்து வேலையாள்மீதோ நம் பார்வை செல்கிறது. புகார் அளிக்கும்போது, 'கொஞ்சம் மிரட்டிக் கேளுங்கள், சொல்லிவிடுவாள்' என்று ஒரு வாக்கியம் நம் வாயிலிருந்து விழுகிறது. கற்றறிந்தவர் வீடாயின் 'அந்த மெஷினில் வைத்துப் பாருங்களேன்' என்றும் விழலாம். அந்த வாக்கியத்தில் செய்வித்தல் தொடங்கிவிட்டது. இரவில் உண்ணாத நாவே அதனைச் சொல்லியிருக்கும். களவுப் புகார் அளிப்பது தவறன்று. காணாமற்போன பொருள், நேரம், வந்து சென்றவர் ஆகிய கண்ட செய்திகளை மட்டும் எழுதிக் கொடுத்து, காணாத நெஞ்சத்தைப் பற்றி எழுதாமல் விடுவது சத்திய அணுவிரதத்துக்கும் பொருந்தும், அகிம்சை அணுவிரதத்துக்கும் பொருந்தும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் செய்தி. எத்தகைய சோதனைக்கும் மறுக்க உரிமை உண்டு. இசைவதாயின், அந்த இசைவை நீதித்துறை நடுவரின் முன் பதிவு செய்யவேண்டும். அதற்கு முன் வழக்கறிஞரைக் கலந்துகொள்ளலாம். சோதனையின் உடல், மன, சட்ட விளைவுகளைக் காவலரும் வழக்கறிஞரும் விளக்கிக் கூறவேண்டும். அங்கே கூறுவது காவலரிடம் கூறியதாகவே கொள்ளப்படும், நடுவரிடம் அளித்த ஒப்புதல் வாக்குமூலம் ஆகாது. சோதனையைக் காவல்துறை சாராத மருத்துவமனை போன்ற அமைப்பே நடத்தவேண்டும். தேசிய மனித உரிமை ஆணையம் 2000-இல் வெளியிட்ட இந்நெறிகளைச் செல்வி வழக்கின் தீர்ப்பு கட்டாயமாக்கியது. வழக்கறிஞருக்குப் பொருள் இல்லாதவர் இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்னும் தொலைபேசி எண்ணை அழைக்கலாம். நம் வயலிலும் வீட்டிலும் வேலை செய்வோருக்கு இவ்வெண்ணை எழுதிக் கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதோர் வீட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தால், அவர்கள் புத்தக அட்டையின் உட்புறத்தில் குறித்து வைத்துக்கொள்வார்கள்.